தனிவிசையும் கலப்புவிசையும்: யாழ்ப்பாணத் தீவகத்தின் உந்துவிசை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட மோட்டார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின்னர், இலங்கையில் வண்டி வாங்கும் வசதி படைத்தோரிடையே ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. ஜீப் வகைப்பட்ட வண்டியொன்றை வாங்குவதாயின், முற்றிலும் மின்சாரத்தால் இயங்குவதை வாங்குவதா, அன்றிப் பெற்றோல் இயந்திரத்தோடு வீட்டு மின்சாரத்தால் ஏற்றம் பெறத்தக்க மின்கலத்தையும் கொண்ட 'பிளக்-இன் ஹைபிரிட்' என்னும் கலப்பு வண்டியை வாங்குவதா என்பதே அது. பீ.வை.டி. என்னும் ஒரே சீன நிறுவனம் 'அட்டோ 3' என்னும் தனி மின்வண்டியையும் 'சீலயன் 6' என்னும் கலப்பு வண்டியையும் செய்து விற்கின்றது. செய்பவனே இரண்டையும் விற்கும்போது வாங்குபவன் தடுமாறுவதில் வியப்பில்லை.

விலை, தீர்வை, மின்கலத்தின் ஆயுள், ஓர் ஏற்றத்தில் ஓடும் தூரம் என்பனவே இத்தகைய பேச்சில் மிகுதியும் இடம்பெறுகின்றன. வண்டியை ஓட்டும் விசை எங்கிருந்து வருகின்றது, அது வரும் வழி எவர் கையில் உள்ளது என்பன அருகியே பேசப்படுகின்றன. யாழ்ப்பாணத் தீவக மக்களுக்கோ இப்பின்னைய வினாக்கள் புதியனவல்ல. பாய்க்கும் இயந்திரத்துக்கும் இடையிலும், பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இடையிலும், டீசலுக்கும் காற்றாலைக்கும் இடையிலும் தனிவிசையா கலப்புவிசையா என்ற தெரிவு அவர்கள்முன் மீண்டும் மீண்டும் வந்துள்ளது. அவ்வரலாற்றை வைத்து இன்றைய வினாவை நோக்க இக்கட்டுரை முயல்கின்றது.

தீவகத்தின் நில அமைப்பை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணை–ஊர்காவற்றுறைத் தீவு, மண்டைதீவு, புங்குடுதீவு, காரைநகர் என்பன தாம்போதிகளால் நிலத்தோடு தொடுக்கப்பட்டவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்கும் கடல் கடந்தே அடையத்தக்கவை. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையே நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வாயில். தாம்போதி முடியும் அவ்விடத்தோடு தேசிய மின்வலையமைப்பும் முடிந்துவிடுகின்றது. அப்பாலுள்ள தீவுகளுக்கு மின்சாரம் அவ்வத்தீவிலேயே பிறப்பிக்கப்படுதல் வேண்டும். பின்னர் கூறப்படுவனவற்றுக்கெல்லாம் இவ்வேறுபாடே அடிப்படை.

பாய்க்கப்பற் காலத்தில் ஊர்காவற்றுறை பெருந்துறைமுகமாக விளங்கியது. தென்னிந்தியக் கரையோரத் துறைகளோடும் அதற்கு அப்பாலும் வாணிபம் நடந்தது. பர்மாவின் நெல்லரிசி வந்தது. பனஞ்சலாகையும் புகையிலையும் சென்றன. அக்காலத்துக் கடலோடிகளின் நாட்காட்டி காற்றின் நாட்காட்டியே. வைகாசிக்குப் பின் சோளகம், ஐப்பசிக்குப் பின் வாடை, இடையிற் கொண்டலும் கச்சானும் என்று காற்றுப் பெயரால் மாதங்களை எண்ணினர். எனினும் பாய் ஒன்றையே நம்பி எந்தத் தோணியும் புறப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. ஆழம் குறைந்த பரவைக் கடலில் மரக்கோல் தாங்கினர். காற்று விழுந்தபோது சவள் வலித்தனர். ஆகவே தனிவிசை எனப்படும் பாய்த்தோணியும் உண்மையிற் காற்றும் மனிதத் தோளும் கலந்த கலப்பு வாகனமே. இவ்விரண்டும் வேறுவேறான ஊற்றுக்களிலிருந்து பிறப்பவை. காற்று விழுந்ததனால் தண்டையலின் தோள் சோர்ந்துவிடுவதில்லை.

உலகக் கடல்களிலும் இதுவே நிகழ்ந்தது. 1819 இல் அத்திலாந்திக்கைக் கடந்த 'சவானா' என்னும் கப்பல் முதல் நீராவிக் கப்பலெனப் பாடநூல்களிற் புகழப்படுகின்றது. இருபத்தொன்பது நாட் பயணத்தில் அதன் நீராவி இயந்திரம் இயங்கியது நூறு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரமே. எஞ்சிய நாளெல்லாம் பாயே கப்பலைச் செலுத்தியது. அதன்பின்னரும் பல பதிற்றாண்டுகளாக நீராவிக் கப்பல்கள் பாய்மரத்தைச் சுமந்தே சென்றன. இயந்திரத்தை நம்பாமை மட்டும் அதற்குக் காரணமன்று. நிலக்கரி கிடைக்குந் துறைகள் அரிதாயிருந்தன. அத்துறைகளை வைத்திருந்தவனே கப்பலின் வழியையும் தீர்மானித்தான். உலகெங்கும் நிலக்கரித் துறைகள் பெருகி, 1869 இற் சுயஸ் கால்வாயும் திறக்கப்பட்ட பின்னரே பாய் மெல்ல மெல்ல நீங்கியது. இயந்திரம் திருந்தியதைப் போலவே எரிபொருள் வரும் வழி உறுதிப்பட்டதும் இம்மாற்றத்துக்குக் காரணமாயிற்று.

மோட்டார் வண்டியின் வரலாறும் இவ்வகையினதே. 1900 அளவில் அமெரிக்க நகரங்களில் ஓடிய வண்டிகளுள் மின்வண்டிகள் கணிசமான பங்கு வகித்தன. அதே காலத்தில் பேர்டினண்ட் போர்ஷே என்னும் இளம் பொறியியலாளர் பெற்றோல் இயந்திரத்தால் மின்சாரம் பிறப்பித்துச் சக்கரங்களைச் சுழற்றும் கலப்பு வண்டியொன்றை ஆக்கினார். ஆதலின் இன்று புதுமையென விளம்பரஞ் செய்யப்படும் இரண்டும் நூற்றிருபது ஆண்டுப் பழைமை உடையன. 1912 இற் கடிலாக் வண்டியில் மின்தொடக்கி பொருத்தப்பட்டதும் கைப்பிடி சுழற்றும் தொல்லை நீங்கியது. பெற்றோல் வண்டி வென்றது. தன் போட்டியாளனாகிய மின்சாரத்தை ஏவலாளனாக்கிக்கொண்டே பெற்றோல் வண்டி வென்றதென்பது வரலாற்றின் ஒரு குறும்பு.

தீவகத்துக்குத் திரும்பின், அங்குப் பாயின் வீழ்ச்சி இயந்திரப் படகினால் மட்டும் வந்ததன்று. 1902 இற் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே தொடங்கிய புகையிரதப் பாதை 1905 இற் கொழும்புவரை தொடர்புற்றது. சரக்குத் தரை வழியே செல்லலாயிற்று. ஊர்காவற்றுறையின் பெருமை குன்றத் தொடங்கியது. ஆயினும் கலை உடனே அழிந்துவிடவில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அத்தகைய கலம் கட்டும் கையும் செலுத்தும் கையும் வடகரையில் அன்றும் இருந்தன. இன்னும் இரண்டு தலைமுறைக்குள் அக்கைகளுக்கு வேலையில்லாது போயிற்று.

1950களின் பிற்பகுதியில் மீன்பிடிப் படகுகளை இயந்திரமயமாக்கும் அரசாங்கத் திட்டம் தொடங்கியது. உள்ளிணைந்த டீசல் இயந்திரம் பூட்டிய சிறு கலங்கள் தவணைக் கடனில் வழங்கப்பட்டன. வள்ளங்களின் பின்புறத்தில் வெளியிணைப்பு இயந்திரங்கள் ஏறின. பின்னர் நோர்வே உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் நிலையம் கண்ணாடியிழைப் படகுகளைப் பரப்பியது. தொடக்க காலத்தில் இயந்திரம் பூட்டிய வள்ளத்திற் பாயும் கிடந்தது. எண்ணெய் தீர்ந்தால் அல்லது இயந்திரம் பழுதுற்றால் பாயை விரித்துக் கரை சேரலாம் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். ஆயின் கண்ணாடியிழைப் படகு இயந்திரத்துக்கெனவே வடிவமைக்கப்பட்டது. அதிற் பாய்மரம் நாட்ட இடமில்லை. பாயைக் கைவிடுவது என்று எவரும் கூடி முடிவு செய்யவில்லை. படகின் வடிவம் மாறியது. அதனோடு பாயும் மறைந்தது. கலப்பிலிருந்து தனிவிசைக்குத் தீவகக் கடற்றொழிலாளர் இங்ஙனமே, தெரிவென்று அறியாமலே, வந்துசேர்ந்தனர்.

இவ்வெளியிணைப்பு இயந்திரங்களுட் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுவன. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் சிறிது பெற்றோலிற் தொடக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இரு எண்ணெயில் ஓடும் இவ்வியந்திரமும் ஒருவகைக் கலப்பே. இம்முறை தரையில் எவ்வளவு பயன்பட்டதென்பதைக் குடாநாடு 1990 இல் அறிந்தது.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றது. பெற்றோலும் டீசலும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்டன. 1990–91 ஆண்டுகளில் தீவக மக்களுட் பெரும் பகுதியினர் இடம்பெயர்ந்து குடாநாட்டிற் புகலடைந்தனர். அக்காலத்திற் குடாநாட்டு வீதிகளில் ஓடியவை கராஜுகளிலும் கொட்டில்களிலும் ஒதுக்கிவிடப்பட்டிருந்த ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலான பழைய வண்டிகளே. புதிய வண்டிகள் ஓடாதபோது அவை ஏன் ஓடின? 1950களின் அவ்வியந்திரங்களில் எரிகலவை குறைவாகவே அமுக்கப்படும். மட்டமான எரிபொருளையும் அவை ஏற்கும். சாரதி வண்டியின் முன்மூடியைத் திறந்து, சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றருக்குட் பீச்சி வண்டியைத் தொடக்குவார். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய் தொடரும், வெண்புகையும் தொடரும். கடலில் வெளியிணைப்பு இயந்திரம் செய்ததையே பழைய வண்டி தரையிற் செய்தது. துளிக்கணக்கிற் கிடைத்த பெற்றோலைத் தொடக்கத்துக்கு மட்டும் செலவிட்டமை அக்காலத்து மக்களின் சிக்கனத்துக்குச் சான்று.

அந்தத் திறமையை வியப்பதோடு நில்லாது அதன் எல்லையையும் காணல் வேண்டும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் இரண்டெனினும் இரண்டும் ஒரே சோதனைச்சாவடியைத் தாண்டியே வரவேண்டியிருந்தன. தடை இறுகியபோது மண்ணெண்ணெயும் எட்டாத விலைக்குச் சென்றது, வண்டிகள் நின்றன. எஞ்சியது துவிச்சக்கரவண்டி. வானொலி கேட்பதற்குக்கூட அதன் தைனமோவே மின்சாரம் தந்தது. இருவகை எண்ணெயைக் கலந்த வண்டி ஓரளவே காப்பாற்றியது; எண்ணெயையும் மனிதக் காலையும் மாறிமாறி நம்பிய குடும்பம் இறுதிவரை நடமாடியது. ஆகவே கலப்பு என்பது இயந்திரத்துக்குள் எத்தனை விசை உள்ளது என்பதைப் பொறுத்ததன்று. அவ்விசைகள் எத்தனை வழியால் வருகின்றன என்பதைப் பொறுத்தது.

கடல் வழியே தனியொன்றாய் அமைந்த தீவுகளுக்கு வழி என்பது உவமையன்று. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே பல பதிற்றாண்டுகள் ஓடிய 'குமுதினி' என்னும் படகே அத்தீவின் சந்தையும் வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் ஆகும். 1985 மே 15ஆம் நாள் அப்படகில் நடுக்கடலில் வைத்துப் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதன்பின் அக்கடலைக் கடப்பது தீவு மக்களுக்கு வேறொன்றாயிற்று. ஒரே வழியை உடையவர்கள் அவ்வழி மூடப்படுவதைப் பற்றி எண்ணுவதற்கும் பல வழி உடையவர்கள் எண்ணுவதற்கும் வேறுபாடு உண்டு.

2022 ஆம் ஆண்டு இப்பாடத்தை முழு இலங்கைக்கும் கற்பித்தது. அந்நியச் செலாவணி இன்மையால் எரிபொருட் கப்பல்கள் வரவில்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. யூலையில் மோட்டார்க் காருக்கு வாரத்துக்கு இருபது லீற்றர் என எரிபொருட் பங்கீடு தொடங்கியது. பெற்றோல் இல்லாதோர் மின்வண்டிக்காரரைப் பார்த்துப் பொறாமைப்பட்டனர். மின்வண்டிக்காரரோ மின்சாரம் எப்போது வரும் என்று மணி பார்த்துக்கொண்டிருந்தனர். கலப்பு வண்டி வைத்திருந்தோர் இரண்டு வரிசையிலும் நிற்க நேர்ந்தது. அனல் மின்நிலையங்களின் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும், வண்டியின் பெற்றோலுக்கும் பணம் செலுத்தியது ஒரே திறைசேரி. அது வற்றியபோது இரண்டும் ஒருங்கே வற்றின.

தீவகத்துக் கடற்றொழிலாளரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. அவ்வாண்டில் இந்திய அரசு நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு ஆகியவற்றின் ஏறத்தாழ எழுநூறு கடற்றொழிலாளருக்கெனப் பதினையாயிரம் லீற்றர் மண்ணெண்ணெயை இலவசமாக வழங்கியது. ஆளுக்குச் சராசரி இருபத்தொரு லீற்றர். சில நாட் கடலோட்டத்துக்கே அது போதும். ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. சோளகம் வழக்கம்போல வீசிக்கொண்டிருந்தது. ஆனால் அதைப் பிடிப்பதற்குப் படகிற் பாயில்லை. பாய் இருந்திருப்பினும் அதை விரிக்கத் தெரிந்த கை அருகிவிட்டது. இரண்டாவது விசையை வைத்திருப்பது மட்டும் போதாது, பழகியும் வரவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. கலப்பு வண்டி வாங்குவோர் பலர் அதனை ஒருநாளும் மின்செருகியில் இணையாது பெற்றோலிலேயே ஓட்டுகின்றனர் என்ற குறை மேல்நாடுகளிலும் கூறப்படுகின்றது. பாயைச் சுருட்டிக் கொட்டிலிற் போட்டுவிட்டு, தன் வள்ளத்திற் பாயுண்டு என்று சொல்லிக்கொண்டிருந்த தண்டையலுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு சிறிதே.

இனி வண்டியை நோக்குவோம். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணையைக் கடந்து குறிகட்டுவான் சென்று மீள ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர். பத்தாண்டுகளுக்கு முன்னர் தீர்வை குறைந்த காலத்தில் இலங்கைக்கு வந்த நிசான் லீவ் என்னும் சிறு மின்வண்டியும், அதன் மின்கலம் பழுதுபடாதிருப்பின், இத்தூரத்தை ஓரேற்றத்தில் ஓடிமுடிக்கும். அட்டோ 3 போன்றவற்றின் மின்கலம் 50 முதல் 60 கிலோவாற்று மணிவரை கொள்ளும். அதற்கு இத்தூரம் ஒரு பொருட்டன்று. சீலயன் 6 இன் மின்கலம் 18 கிலோவாற்று மணி அளவினது. குளிரூட்டியோடு ஓடும்போது இப்பயணத்தின் பிற்பகுதியிற் பெற்றோல் தொடங்கினால் வியப்பில்லை. ஆயினும் சாதாரண வீட்டுச் செருகியில் இரவு ஏற்றிவிடத்தக்க அளவு அது. பெரிய மின்கலம் அச்செருகியில் முற்றாக நிறைய ஒரு முழு நாள் தேவைப்படும்.

தாம்போதியால் இணைந்த தீவுகளில் வாழ்வோரின் அன்றாட ஓட்டத்துக்குத் தனி மின்வண்டியே ஏற்றது எனக் கூறத் தயங்கவேண்டியதில்லை. தூரம் குறைவு, நிலம் சமதரை, ஏற்றம் இறக்கம் இல்லை. நானூறு கிலோமீற்றர் கடந்து கொழும்புக்கு அடிக்கடி செல்வோர் கலப்பு வண்டியை விரும்புவர், அது நியாயமே. ஆயினும் மின்வண்டி வாங்குபவர் வலையமைப்பு மின்சாரத்தை மட்டும் நம்புவாராயின், பாயை விட்டு எண்ணெயை மட்டும் நம்பிய கடற்றொழிலாளரின் நிலைக்கே அவரும் வருவார். கூரைச் சூரியத்தகடு அதற்கு மாற்று என்பர். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. வலையமைப்போடு இணைந்த சாதாரணச் சூரியத்தகட்டு அமைப்பு, வலையமைப்பில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். திருத்தவேலை செய்வோரைக் காப்பதற்காக அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. வலையமைப்பின் ஒரு துண்டு தனித்து இயங்கும் நிலையை மின்பொறியியலாளர் 'தீவாதல்' என்னும் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். அதைத் தடுப்பதே அக்கருவியின் கடமை. வெயில் காயும் கூரையின் கீழ் மின்சாரமின்றி இருந்த பலர் 2022 இல் இதை அறிந்தனர். மின்கலச் சேமிப்போடு தனித்தும் இயங்கத்தக்க அமைப்பு இருந்தாற்றான் வண்டியின் விசைக்கு இரண்டாவது ஊற்று உண்டென்று கொள்ளலாம். அதற்காகும் செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்தே எண்ணவேண்டும். கலப்பு வண்டியில் இரண்டாவது இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தைத் தனி மின்வண்டிக்காரர் கூரையிற் கொடுக்கின்றார்.

கடல் கடந்த தீவுகளில் இக்கணக்கு முற்றாக மாறுகின்றது. நெடுந்தீவில் மின்சாரம் நெடுங்காலமாக டீசல் இயந்திரங்களாற் பிறப்பிக்கப்பட்டு வந்துள்ளது. அத்தகைய இயந்திரம் ஒரு லீற்றர் டீசலிலிருந்து மூன்று அல்லது மூன்றரை கிலோவாற்று மணி மின்சாரம் தரும். ஜீப் வகை மின்வண்டி நூறு கிலோமீற்றர் ஓடப் பதினெட்டுக் கிலோவாற்று மணியளவு வேண்டும். கணக்கிட்டால் நூறு கிலோமீற்றருக்கு ஐந்து முதல் ஆறு லீற்றர் டீசல் செலவாகும். சிக்கனமான ஒரு கலப்புக் காரின் எரிபொருட் செலவுக்கு இது ஏறக்குறையச் சமம். அங்குத் தனி மின்வண்டி என்பது பெயரளவில் மின்வண்டி. அதன் புகைபோக்கி வேறோரிடத்தில் நிற்கின்றது. எரியும் எண்ணெயின் தீங்கு புகையோடு முடிவதுமன்று. சுன்னாகத்தில் மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. மழைநீர் மெல்லிய படலமாகத் தேங்கும் சிறு தீவுகளில் அத்தகைய கசிவொன்று நிகழின் மாற்றுக் கிணறு தேட இடமில்லை.

டீசலை விடுக்கும் முயற்சி தீவுகளில் தொடங்காமலில்லை. எழுவைதீவிற் காற்று, சூரியன், மின்கலம், டீசல் ஆகியன இணைந்த சிறு கலப்பு மின்னமைப்பு 2010களின் பிற்பகுதியிலேயே இயங்கலாயிற்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான பெரிய திட்டத்தின் வரலாறோ விசித்திரமானது. 2021 ஜனவரியில் அமைச்சரவை அதனைச் சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்கு வழங்க ஒப்புதல் அளித்தது. இந்தியா எதிர்த்தது. அவ்வாண்டு டிசம்பரிற் பாதுகாப்புக் காரணம் கூறப்பட்டுப் பணி இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில், பெங்களூரைச் சேர்ந்த நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. சில ஆயிரம் மக்கள் விளக்கேற்றும் விடயம் இரண்டு பேரரசுகளின் விவகாரமாயிற்று. காற்றும் வெயிலும் எவருக்கும் உரியனவல்ல எனினும் அவற்றைப் பிடிக்கும் கருவி எவருடையது என்பது வினாவுக்குரியதாகவே உள்ளது. நிலக்கரித் துறைகளின் காலத்து அரசியல் உருமாறி மீண்டும் வந்துள்ளது எனலாம்.

அவ்வொப்பந்தத்தின் அளவுகள் கருதத்தக்கன. சூரிய ஒளியால் 1,700 கிலோவாற்று, காற்றால் 530 கிலோவாற்று, மின்கலச் சேமிப்பு 2,400 கிலோவாற்று மணி, காத்திருப்பு டீசல் 2,500 கிலோவாற்று. 60 கிலோவாற்று மணி கொள்ளும் ஜீப் வகை மின்வண்டிகள் நாற்பது ஒரே இரவில் முற்றாக ஏற்றப்பட்டால் மூன்று தீவுகளினதும் சேமிப்பு முழுவதும் அவற்றுக்கே போய்விடும், வீடுகளுக்கு விளக்கில்லை. நெடுந்தீவின் ஒழுங்கைகளில் அத்தனை பெரிய வண்டிகள் ஓட இடமுமில்லை, தேவையுமில்லை. அவற்றைக் கடலால் ஏற்றி இறக்குவதும் எளிதன்று. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திற் படைக்குக் குதிரை வளர்த்த அத்தீவில், அக்குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டுப்பாடின்றி மேய்கின்றன. அரசுக்குத் தேவையான விசையை அத்தீவு ஒருகாலம் ஏற்றுமதி செய்தது என்பதற்கு அவையே எஞ்சிய சான்று. அங்கு மின்சாரத்தால் ஓடவேண்டியவை சிறு முச்சக்கரவண்டியும் உழவு இயந்திரமும் நீரிறைக்கும் பம்பியுமேயன்றி ஜீப் வண்டியன்று.

காத்திருப்பு டீசலின் அளவு சூரியனையும் காற்றையும் கூட்டிய 2,230 கிலோவாற்றைவிட மிகுதியாயிருப்பதைக் கண்டு, இது டீசல் நிலையமா பசுமை நிலையமா என்று கேட்போர் உளர். வள்ளத்திற் பாயோடு சவளையும் வைத்திருந்தோரின் வழிவந்தவர்களுக்கு அது வியப்பளிக்காது. அந்த டீசல் கடலைக் கடந்தே வருதல் வேண்டும். சோளகம் பெருகும் ஆனி, ஆடி மாதங்களிற் குறிகட்டுவான்–நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். படகோட்டம் தடைப்படும் நாள்களும் உண்டு. காற்றாலைகள் மிகுதியாகச் சுழல்வதும் அந்த மாதங்களிலேயே.